பல லினக்ஸ் கணிப்பொறிகளில் மென்பொருளைப் பாதுகாப்பாகப் புதுப்பித்தல்

சந்திரகிரியிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், குன்றுகள் சூழ்ந்த காதங்கி என்னும் சிற்றூர் இருக்கிறது. விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இங்குதான் அமைந்துள்ளது. 1992இல் தேசிய எம்.எஸ்.டி. ரேடார் நிலையம் என்னும் பெயரில் தோன்றிய இந்நிலையம், 2005இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அதன் முதன்மைக் கருவியாகிய ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குவது. 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட பரப்பில் 1024 யாகி வகை ஆன்டெனாக்களை உடையது. தலைக்கு மேலே உள்ள காற்றோட்டத்தையும் கொந்தளிப்பையும் அது பல உயரங்களில் அளந்து காட்டுகிறது. 1998 முதல் லேசர் ஒளியைக் கொண்டு மேல்வளியை ஆராயும் லைடார் கருவியும் இங்கு உண்டு. மழைத்துளிகளின் பருமனை அளக்கும் கருவிகளும், பலூனில் கட்டி அனுப்பப்படும் ரேடியோசோண்டுகளும் இவற்றுக்குத் துணை நிற்கின்றன.

இத்தகைய கருவிகள் யாவும் இக்காலத்தில் கணிப்பொறிகளின் வாயிலாகவே பேசுகின்றன. ஆன்டெனாவில் விழும் நலிந்த மின்னலையை எண்களாக மாற்றுவதும், எண்களைக் காற்றின் வேகமாகக் கணக்கிடுவதும், கணக்கிட்டவற்றைச் சேமித்து வைப்பதும் மென்பொருளின் வேலைகள். ஆராய்ச்சி நிலையங்களில் இவ்வேலைகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் பெரிதும் உபயோகிக்கப்படுகிறது. உலகின் மிகப் பெரிய 500 கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருவது இதற்குச் சான்றாகும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரு கணிப்பொறியைப் புதுப்பிப்பது எளிது. பத்து, முப்பது, நூறு கணிப்பொறிகளை, அவற்றின் வேலை தடைப்படாமலும் தகவல் அழியாமலும் புதுப்பிப்பது எங்ஙனம்? வானத்தைக் கவனிக்கும் நிலையத்தில் இக்கேள்வி பெரிதும் முக்கியமானது. ஆய்வுக்கூடத்தில் கெட்டுப்போன சோதனையை மறுநாள் திரும்பச் செய்துவிடலாம். ஆனால் ஓர் இரவில் கடந்து சென்ற இடிமழையை மறுபடியும் அழைத்து அளக்க இயலாது. அந்த நேரத்தில் கணிப்பொறி நின்றிருந்தால், பதிவேட்டில் அந்த இடம் என்றைக்கும் வெற்றிடமே.

புதுப்பித்தலின் அவசியம்

“ஓடுகின்ற யந்திரத்தைத் தொடாதே” என்பது பழைய பணிமனை வழக்கு. வெளியுலகோடு தொடர்பின்றி ஓர் அறையில் தனித்து இயங்கும் கணிப்பொறிக்கு இது ஓரளவு பொருந்தும். வலையில் இணைக்கப்பட்ட கணிப்பொறிக்கு இது பொருந்தாது.

2014 ஏப்ரல் 7ஆம் தேதி வெளியான ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறையை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் மறைமொழித் தொடர்புக்குப் பயன்படும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரல் நூலகத்தில் இக்குறை இருந்தது. தொலைவிலிருந்து ஒருவர், சர்வரின் நினைவகத்தில் உள்ள இரகசியங்களைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிட இது இடம் கொடுத்தது. திருத்தம் உடனே வெளியிடப்பட்டது. அதை ஏற்றாத கணிப்பொறிகள், பூட்டில்லாத கதவு போலத் திறந்து கிடந்தன.

இரண்டாவது காரணம், ஆதரவுக் காலம் முடிவுறுதல். ஒவ்வோர் இயங்குதள வெளியீட்டுக்கும் ஆயுள் உண்டு. ஆராய்ச்சிக்கூடங்களில் பெருவழக்காக இருந்த சென்ட் ஓ.எஸ். 7இன் ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பின் தோன்றிய சென்ட் ஓ.எஸ். 8இன் ஆயுளோ, முதலில் அறிவித்ததற்கு மாறாகச் சுருக்கப்பட்டு, 2021 இறுதியிலேயே முடிந்துவிட்டது. இளையது மூத்ததற்கு முன்னே மறைந்தது. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் ஆயுளையும், அதைப் பேணுவோரின் உறுதியையும் கவனிக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அவசரத்தின் தீங்கு

புதுப்பிக்காமல் இருப்பது ஒரு தீங்கு எனில், வெளிவந்த அன்றே எல்லாக் கணிப்பொறிகளிலும் ஏற்றிவிடுவது மற்றொரு தீங்கு.

2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கான பிழையான தகவல் கோப்பொன்றை உலகெங்கும் ஒரே சமயத்தில் அனுப்பியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. இது லினக்ஸில் நேர்ந்ததன்று எனினும், பாடம் எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவானது. பிழை இருந்தது ஒரு சிறு கோப்பில்தான். சேதம் அவ்வளவு பெரிதானதற்குக் காரணம், எல்லா இடங்களுக்கும் அது ஒன்றாகச் சென்றது.

அதே ஆண்டு மார்ச் 29ஆம் தேதி வேறொரு செய்தி வெளியாயிற்று. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்.இசட். என்னும் பொதியின் 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில், தீய நோக்கத்தோடு இரகசிய வழியொன்று புகுத்தப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணிப்பொறியில் நுழையும்போது வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகத் தாமதம் ஆவதைக் கவனித்த ஆன்டிரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர் இதனைக் கண்டறிந்தார். டெபியன் இயங்குதளத்தின் சோதனை வரிசைகளில் இவ்வெளியீடுகள் புகுந்துவிட்டன. நிலையான வரிசையில் புகவில்லை. புதியதை நாடி ஓடியவர்களே அபாயத்துக்கு உள்ளாயினர். அரை விநாடி மாற்றத்தையும் அலட்சியம் செய்யாத கவனம் எவ்வளவு பயன் தந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, தாமதமும் கூடாது, அவசரமும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒழுங்கான முறை ஒன்று வேண்டும்.

வானிலை நோக்கர்களின் பழைய முறை

இம்முறை முற்றிலும் புதியதன்று. வானிலை நிலையத்தில் பழைய வெப்பமானியை அகற்றிப் புதியதை வைக்கும்போது தேர்ந்த நோக்கர் என்ன செய்கிறார்? முதலில் புதியதைப் பழையதன் அருகில் வைத்து, இரண்டையும் சில காலம் ஒருங்கே படித்து வருகிறார். வேறுபாடு எவ்வளவு என்பதைக் குறிக்கிறார். மாற்றிய தேதியை நிலையப் பதிவேட்டில் எழுதுகிறார். இவ்வாறு செய்யாவிடில், பிற்காலத்தில் வரும் ஆராய்ச்சியாளர், கருவி மாறியதால் உண்டான வேறுபாட்டைத் தட்பவெப்பமே மாறிவிட்டது என்று பிழைபடக் கருத நேரும்.

மென்பொருளும் ஒரு கருவியே. அதனை மாற்றும்போதும், பழையதோடு புதியதை ஒப்பிடுதல், மாற்றிய நாளைக் குறித்தல், தேவைப்பட்டால் பழையதற்குத் திரும்ப வழி வைத்தல் ஆகிய மூன்றும் கடமைகளாகும். பின்வரும் விதிகள் அனைத்தும் இம்மூன்றின் விரிவே.

பொதிகளும் சார்புகளும்

லினக்ஸில் மென்பொருள் ‘பொதி’களாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பொதியில் நிரலும், அதன் அமைப்புக் கோப்புகளும், வேறு எந்தெந்தப் பொதிகள் தனக்குத் தேவை என்ற குறிப்பும் அடங்கியிருக்கும். இக்குறிப்பு ‘சார்பு’ எனப்படும். பொதிகள் யாவும் ‘களஞ்சியம்’ எனப்படும் சர்வரில் வைக்கப்பட்டு, மின்னணுக் கையொப்பத்தால் காக்கப்படுகின்றன. டெபியன் குடும்பத்தில் ஆப்ட் என்னும் நிரலும், ரெட்ஹாட் குடும்பத்தில் டி.என்.எஃப். என்னும் நிரலும் சார்புகளைக் கணக்கிட்டுப் பொதிகளை ஏற்றுகின்றன. சென்னை சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டு வரும் பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதாதலால், டெபியனுக்குக் கூறப்படுவது அதற்கும் பொருந்தும்.

இங்கே மூன்று செயல்களைப் பிரித்தறிய வேண்டும். பட்டியலைப் புதுப்பித்தல் என்பது களஞ்சியத்தில் என்னென்ன உள்ளன என்று கேட்டறிவது மட்டுமே. கணிப்பொறியில் எதுவும் மாறுவதில்லை. சாதாரணப் புதுப்பித்தல், இருக்கும் பொதிகளின் புதிய வெளியீடுகளை ஏற்றும், எதையும் அகற்றாது. முழுப் புதுப்பித்தலோ, தேவை ஏற்பட்டால் சில பொதிகளை அகற்றவும் செய்யும். மூன்றாவதைச் செய்யும் முன், அகற்றப்படுவனவற்றின் பட்டியலை வரிக்கு வரி படிக்காமல் ‘ஆம்’ என்று விடை தரலாகாது. செயலை நிகழ்த்தாமல், நிகழ்த்தினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை வசதியும் ஆப்டில் உண்டு. ஒவ்வொரு முறையும் முதலில் ஒத்திகை, பின்னரே செயல் என்பது நல்ல பழக்கம்.

ஒரு குறிப்பிட்ட பொதி மாறவே கூடாது எனில் அதனை ‘நிறுத்திவை’ என்று குறிக்கலாம். ஆனால் நிறுத்திவைத்த பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வாரா. ஆகவே ஏன் நிறுத்தப்பட்டது, எப்போது விடுவிக்கப்படும் என்ற இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

கணிப்பொறிகளை வகைப்படுத்தல்

முதல் வேலை, இருப்பவற்றைக் கணக்கெடுத்தல். நோக்கு நிலையம் ஒன்றில் உள்ள கணிப்பொறிகளைப் பொதுவாக நான்கு வகுப்புகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகுப்பு, சோதனைக்கென ஒதுக்கப்பட்ட கணிப்பொறி. அது கெட்டால் எவருக்கும் நட்டமில்லை. பழைய கணிப்பொறியொன்றோ, ஒரு கணிப்பொறிக்குள் அமைக்கப்பட்ட மெய்நிகர் கணிப்பொறியோ இதற்குப் போதும். இரண்டாவது, அலுவலகத்திலும் வகுப்பறையிலும் உள்ளவை. ஒரு நாள் நின்றாலும் வேறொன்றால் சமாளிக்கலாம். மூன்றாவது, தகவலை ஆராயும் கணிப்பொறிகளும் சேமிப்புச் சர்வர்களும். நான்காவது, கருவியோடு நேரே இணைக்கப்பட்டுத் தகவலைப் பெறுபவை.

புதுப்பித்தல் இவ்வரிசையிலேயே செல்ல வேண்டும். சோதனைக் கணிப்பொறியில் ஏற்றிச் சில நாட்கள் கவனித்த பின் இரண்டாம் வகுப்புக்கும், ஒரு வாரம் கழித்து மூன்றாவதற்கும், எல்லாம் சீராக உள்ளதெனத் தெரிந்த பின்பே நான்காவதற்கும் செல்லலாம். கடுமையான பாதுகாப்புக் குறை வெளியான வேளையில் இவ்விடைவெளிகளைச் சில மணி நேரங்களாகக் குறைக்கலாம். வரிசையை மட்டும் மாற்றலாகாது. உபுண்டு இயங்குதளத்தின் நிர்வாகிகளும் தம் புதுப்பிப்புகள் பலவற்றை ஒரே நாளில் எல்லோருக்கும் தராமல், முதலில் ஒரு சிறு பங்கினருக்கும் பின்னர் படிப்படியாக மற்றவர்களுக்கும் அளிக்கின்றனர்.

பயனைச் சிறு கணக்கால் அறியலாம். 12 கணிப்பொறிகளை 1, 2, 3, 6 என்னும் நான்கு படிகளாகப் பிரித்ததாகக் கொள்வோம். பிழை முதற்படியிலேயே வெளிப்பட்டால் ஒன்று மட்டும் பாதிக்கப்படும். இரண்டாம் படியில் வெளிப்பட்டால் மூன்று பாதிக்கப்படும். ஒன்பது நலமாக இருக்கும். படிகளின்றிச் செய்திருந்தால் பன்னிரண்டும் நின்றிருக்கும்.

காதங்கி ரேடாரின் வரலாற்றிலும் இதை ஒத்த கருத்தொன்றைக் காணலாம். முன்பு 32 பெரிய டிரான்ஸ்மிட்டர்கள் 1024 ஆன்டெனாக்களுக்கும் ஆற்றலைப் பகிர்ந்தளித்தன. ஒரு டிரான்ஸ்மிட்டர் பழுதானால் 32 ஆன்டெனாக்கள் ஒருங்கே ஓய்ந்துவிடும். பின்னர் நடைபெற்ற அபிவிருத்தியில் ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் தனித்தனியே திடநிலை மின்னணுப் பகுதி பொருத்தப்பட்டது. இப்போது ஒன்று பழுதானாலும் எஞ்சிய 1023 வேலை செய்யும். பழுது நேராமல் தடுப்பது எப்போதும் இயலாது. நேர்ந்த பழுது பரவாமல் தடுப்பது இயலும்.

புதுப்பிக்கும் முன் செய்ய வேண்டுவன

முதலாவது, காப்புப் பிரதி. டெபியனில் புதிய வெளியீட்டிலிருந்து பழைய வெளியீட்டுக்குத் திரும்புவது முறைப்படி ஆதரிக்கப்படுவதன்று. ஆகையால் திரும்பும் வழி என்பது உண்மையில் காப்புப் பிரதியே. தகவல் கோப்புகள், அமைப்புக் கோப்புகள், ஏற்றப்பட்டுள்ள பொதிகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் வேறொரு வட்டில் படியெடுக்க வேண்டும். வட்டின் நிலையை அப்படியே பதித்துவைக்கும் வசதி இருப்பின் அதையும் உபயோகிக்கலாம். ஆனால் அதே வட்டில் உள்ள நிலைப்பதிவு, வட்டு பழுதானால் உதவாது. எடுத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்தாலன்றி அது காப்புப் பிரதி என்ற பெயருக்கு உரியதாகாது.

இரண்டாவது, வட்டில் இடம். கர்னல் கோப்புகள் வைக்கப்படும் பகுதி பல கணிப்பொறிகளில் தனியாகவும் சிறியதாகவும் இருக்கும். பழைய கர்னல்கள் சேர்ந்து அது நிரம்பிவிட்டால் புதுப்பித்தல் நடுவழியில் நின்றுவிடும்.

மூன்றாவது, மின்சாரம். வெளியூர் நிலையங்களில் மின்தடை வியப்பன்று. யு.பி.எஸ். கருவியின் பாட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை அறிந்த பின்பே தொடங்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் சில பொதிகள் அரைகுறையாக நின்றுவிடும். அந்நிலையில் கலங்கி எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுதல் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து அமைப்பை முடிக்கும் கட்டளை பொதி மேலாண்மை நிரலிலேயே உண்டு.

நான்காவது, தொடர்பு. தொலைவிலுள்ள கணிப்பொறியை வலைவழியே புதுப்பிக்கும்போது தொடர்பு அறுந்தால் வேலையும் அறுந்துபோகும். ஸ்கிரீன் அல்லது டி-மக்ஸ் போன்ற நிரலுக்குள் அவ்வேலையைத் தொடங்கினால், தொடர்பு அறுந்தாலும் வேலை தொடர்ந்து நடைபெறும். மீண்டும் இணைந்து பார்வையிடலாம்.

ஒரு களஞ்சியம், பல கணிப்பொறிகள்

முப்பது கணிப்பொறிகள் உள்ள கூடத்தில், ஒவ்வொன்றும் 600 மெகாபைட் அளவுள்ள பொதிகளை இணையத்திலிருந்து தனித்தனியே இறக்கினால் மொத்தம் 18,000 மெகாபைட் ஆகும். விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இதற்கு நான்கு மணி நேரம் வேண்டும். கூடத்தில் உள்ள ஒரு கணிப்பொறியை உள்ளூர்க் களஞ்சியமாக அமைத்தால், இணையத்திலிருந்து ஒரு முறை மட்டும் இறக்கினால் போதும்; எட்டு நிமிடத்தில் முடியும். மற்றவை அதனிடமிருந்து உள்வலை வழியாகப் பெற்றுக்கொள்ளும்.

நேரம் மிச்சமாவதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. களஞ்சியத்தை ஒரு தேதியில் நிலைநிறுத்தி வைத்தால், சோதனைக் கணிப்பொறி எந்த வெளியீட்டைப் பெற்றதோ அதே வெளியீட்டைத்தான் மற்றவையும் பெறும். அவ்வாறன்றி ஒவ்வொன்றும் இணையத்திலிருந்து நேரே பெறுமாயின், திங்களன்று சோதித்தது ஒன்றாகவும் வெள்ளியன்று ஏற்றியது மற்றொன்றாகவும் அமைந்துவிடலாம். அப்போது சோதனைக்குப் பொருளில்லை.

கட்டளைகளைப் பல கணிப்பொறிகளுக்கு ஒழுங்காக அனுப்ப ஆன்சிபிள் போன்ற நிரல்கள் உள்ளன. எத்தனை கணிப்பொறிகளை ஒரு வேளையில் எடுத்துக்கொள்வது, எத்தனையில் தவறினால் முழுவேலையையும் நிறுத்துவது என்பவற்றை அதில் முன்கூட்டியே குறிக்கலாம். இவ்விரண்டையும் குறிக்காமல் உபயோகித்தால், நல்லதைப் போலவே தவறையும் அது விரைவாகப் பரப்பிவிடும்.

கர்னலும் கருவி அட்டைகளும்

கருவியோடு இணைந்த கணிப்பொறிகளில் தனிக் கவனம் தேவைப்படுவது கர்னல். மின்னலையை எண்ணாக மாற்றும் அட்டைகள் பலவற்றுக்கு உற்பத்தியாளரே அளிக்கும் டிரைவர் நிரல் வேண்டும். அந்நிரல் ஒரு குறிப்பிட்ட கர்னலுக்கென்று தொகுக்கப்பட்டிருக்கும். கர்னல் மாறினால் அதுவும் மறுபடி தொகுக்கப்பட வேண்டும். தொகுக்கத் தவறினால் கணிப்பொறி நலமாக எழுந்திருக்கும், ஆனால் கருவியை அடையாளம் காணாது. எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றுவதால் இப்பிழை உடனே கவனத்திற்கு வராது. தகவல் கோப்புகள் வெறுமையாக இருப்பதைப் பல மணி நேரம் கழித்தே காண நேரும்.

இதனாலேயே பழைய கர்னலை அழிக்காமல் வைத்திருப்பது வழக்கம். கணிப்பொறி தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் பழையதைத் தேர்ந்து பணியைத் தொடரலாம். புதுப்பித்த பின் ‘கணிப்பொறி எழுந்ததா’ என்று பார்ப்பதோடு நில்லாமல், ‘கருவியிலிருந்து எண்கள் வருகின்றனவா, அவை நேற்றைய எண்களை ஒத்துள்ளனவா’ என்று பார்ப்பதே சோதனையாகும்.

நிரல் நூலகம் மாறும்போது வேறொன்றையும் கவனிக்க வேண்டும். வட்டில் புதிய நூலகம் வந்துவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நினைவகத்தில் உள்ள பழையதையே பற்றிக்கொண்டிருக்கும். ஹார்ட்பிளீட் நாட்களில் திருத்தத்தை ஏற்றியும் சேவையை மறுபடி தொடங்காத சர்வர்கள் குறையோடேயே இயங்கின. எந்தெந்தச் சேவைகளை மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லும் சிறு நிரல்களும் களஞ்சியங்களில் கிடைக்கின்றன.

கணக்கின் விடை மாறுதல்

1961இல் எட்வர்ட் லாரன்ஸ் என்னும் வானிலை விஞ்ஞானி, தம் கணிப்பொறியில் ஒரு கணக்கை நடுவிலிருந்து மறுபடி தொடங்கியபோது, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று கொடுத்தார். சிறிது நேரத்தில் இரண்டு விடைகளும் முற்றிலும் வேறாகப் பிரிந்துவிட்டன. வளிமண்டலத்தைக் குறிக்கும் சமன்பாடுகளில் மிகச் சிறிய வேறுபாடும் நாளடைவில் பெருகும் என்ற உண்மை இதனால் வெளிப்பட்டது.

இவ்வுண்மை மென்பொருள் மாற்றத்துக்கும் பொருந்தும். கம்பைலரோ கணித நூலகமோ மாறினால், கூட்டலின் வரிசையும் கடைசி இலக்கத்தின் சுற்றும் மாறலாம். வானிலை மாதிரியில் ஒரு குறிப்பிட்ட மணி நேரத்து மழை இடம் மாறித் தோன்றும். அது பிழையன்று, ஆனால் எல்லா வேறுபாட்டையும் அவ்வாறே தள்ளிவிடவும் கூடாது. பலநாள் கணக்குகளைப் பழையதிலும் புதியதிலும் நடத்தி, சராசரிகளையும் பரவலையும் ஒப்பிட வேண்டும். ரேடார்த் தகவலைக் காற்று வேகமாக மாற்றும் எளிய நிரல்களுக்கோ, விடை தெரிந்த மாதிரிக் கோப்பு ஒன்றைப் பாதுகாத்து வைத்து, ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பின்னும் அதே விடை வருகிறதா என்று பார்த்தால் போதும். ஓர் ஆராய்ச்சி நடைபெறும் இடையில் மாதிரியின் மென்பொருளை மாற்றாதிருத்தல் சாலச் சிறந்தது.

கடிகாரம்

நோக்கு நிலையத்தில் நேரம் தவறினால் தகவலே தவறாகும். 2012 ஜூன் 30ஆம் தேதி உலக நேரத்தின் முடிவில், அதாவது இந்திய நேரப்படி ஜூலை 1 காலை 5.30 மணிக்குச் சற்று முன், ஒரு ‘தாவு விநாடி’ சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கர்னலில் இருந்த ஒரு பிழையால் உலகின் பல பகுதிகளில் சர்வர்கள் ஒரே கணத்தில் திணறின. இத்தகைய முன்னறிந்த நாட்களை ஒட்டி, புதுப்பித்தலை முன்னதாகவே முடித்துச் சோதித்துவிட வேண்டும்.

மற்றொரு முன்னறிந்த நாள் 2038 ஜனவரி 19. நேரத்தை 32 இருமங்களில் எண்ணும் நிரல்களில் அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு எண்ணிக்கை நிரம்பிவிடும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, பெரும்பாலான 32-இருமக் கணிப்பொறி வகைகளில் நேரத்தை 64 இருமங்களாக விரித்துள்ளது. ஆனால் பழைய 32-இரும பி.சி. வகை இவ்வெளியீட்டில் வழக்கமான நிறுவலுக்கு ஆதரிக்கப்படவில்லை. வெளியிடங்களில் நீண்ட காலம் இயங்கும் சிறு பதிவுக் கணிப்பொறிகளையும், பள்ளிகளில் எஞ்சியுள்ள பழைய கணிப்பொறிகளையும் இப்போதே கணக்கெடுப்பது நன்று. டெபியனில் ஒரு வெளியீட்டைத் தாண்டி அடுத்ததற்குச் செல்லலாகாது. 11இலிருந்து 12க்கும், பின்னர் 13க்குமாகப் படிப்படியே ஏற வேண்டும்.

காலம் அறிந்து செய்தல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை சித்தூர், திருப்பதிப் பகுதிகளை அடைகிறது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையால் திருப்பதி நகர் வெள்ளத்தில் சூழ்ந்ததும் சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்ததும் பலர் நினைவில் இருக்கும். அத்தகைய நாட்களின் அளவீடுகளே பிற்கால ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டப்படுபவை. ஆதலால் இப்பகுதியில் நான்காம் வகுப்புக் கணிப்பொறிகளின் பெரும் மாற்றங்களை மழையற்ற பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முடித்துக்கொண்டு, பருவமழையின்போது பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஏற்றுவது தகும். பள்ளிகளுக்கோ கோடை விடுமுறையே உரிய காலம். தேர்வுக்கு முந்திய வாரம் முற்றிலும் தகாதது. வாரத்தில் வெள்ளிக்கிழமை மாலையைத் தவிர்ப்பது நன்று. சனி, ஞாயிறுகளில் பழுதைச் சீர்செய்ய ஆள் இராது.

பள்ளிகளின் அனுபவம்

பெருந்தொகையான கணிப்பொறிகளைச் சீராக வைத்திருப்பதற்குக் கேரளப் பள்ளிகள் நல்ல எடுத்துக்காட்டு. அம்மாநிலத்தின் கைட் நிறுவனம், உபுண்டுவின் நீண்டகால ஆதரவு வெளியீடுகளை அடிப்படையாகக் கொண்டு, மலையாள மொழி வசதியும் பாடத்துக்கு வேண்டிய நிரல்களும் சேர்த்துத் தனக்கெனத் தொகுப்பொன்றை அமைத்துள்ளது. 2019இல் உபுண்டு 18.04ஐத் தழுவிய தொகுப்பும், பின்னர் 22.04ஐத் தழுவிய தொகுப்பும் வெளிவந்தன. ஒவ்வொரு பள்ளியும் தான் விரும்பியதைத் தான் விரும்பிய நாளில் ஏற்றுவதற்குப் பதிலாக, சோதிக்கப்பட்ட ஒரே தொகுப்பை எல்லாப் பள்ளிகளும் ஏற்பதால், ஓர் ஆசிரியர் கற்றது மற்றோர் ஆசிரியருக்கும் பயன்படுகிறது.

ஆசிரியர்கள் இப்பாடத்தை மாணவர்களுக்குச் செய்து காட்டலாம். மூன்று கணிப்பொறிகளை எடுத்து, ஒன்றைச் சோதனைக்கும் ஒன்றை உபயோகத்துக்கும் ஒன்றைக் களஞ்சியத்துக்கும் ஒதுக்குக. மாணவர் குழு ஒன்று ஒத்திகைப் பட்டியலைப் படித்து எழுதட்டும். மற்றொரு குழு காப்புப் பிரதி எடுத்து ஒரு கோப்பை மீட்கட்டும். மூன்றாவது குழு புதுப்பித்தபின் மாதிரிக் கணக்கை நடத்தி விடையை ஒப்பிடட்டும்.

பதிவேடு

எல்லாவற்றுக்கும் இறுதியில் வருவது எழுத்துப் பதிவு. கணிப்பொறியின் பெயர், இருப்பிடம், இணைக்கப்பட்ட கருவி, இயங்குதள வெளியீடு, கர்னல் எண், நிறுத்திவைத்த பொதிகள், புதுப்பித்த நாளும் மணியும், செய்தவர், சோதனையின் முடிவு ஆகியவற்றுக்குப் பத்திகள் வேண்டும். பொதிகள் மாறிய வரலாற்றைக் கணிப்பொறியே ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளும் எனினும், வட்டு அழிந்தால் அக்கோப்பும் அழியும். மேலும் ‘ஏன்’ என்பதை அது எழுதாது. ஆகையால் நோட்டுப் புத்தகமோ, வேறு கணிப்பொறியில் உள்ள பட்டியலோ தனியே இருத்தல் வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் பின் இத்தகவலைப் படிக்கப் போகிறவர், இன்று பணிபுரிபவரை நேரில் கேட்டறிய இயலாது. அவருக்கு விடை கூறுவது இப்பதிவேடு ஒன்றே.

பயிற்சி வினாக்கள்

1. பட்டியலைப் புதுப்பித்தல், சாதாரணப் புதுப்பித்தல், முழுப் புதுப்பித்தல் ஆகியவற்றின் வேறுபாடுகளை விளக்குக.

2. 20 கணிப்பொறிகளை 1, 3, 6, 10 என்னும் நான்கு படிகளாகப் புதுப்பிக்கையில், மூன்றாம் படியில் பிழை வெளிப்பட்டால் எத்தனை கணிப்பொறிகள் நலமாக இருக்கும்?

3. திருத்தப்பட்ட நிரல் நூலகத்தை ஏற்றிய பின்னும் சர்வர் குறையோடு இயங்குவது எவ்வாறு?

4. கருவியோடு இணைந்த கணிப்பொறி புதுப்பித்தலுக்குப் பின் தடையின்றி எழுந்தது. அது போதிய சோதனையாகாது என்பதற்குக் காரணம் கூறுக.

5. தம் நிலையத்தில் அல்லது பள்ளியில் உள்ள கணிப்பொறிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்து, ஓராண்டுக்கான புதுப்பித்தல் அட்டவணை ஒன்றைத் தயாரிக்க.